காயைப் பிளந்து பாருங்கள்: மொட்டைமாடியில் கனகாம்பரக் குடும்பம்

கனகாம்பரம், டிசம்பர் பூ, நிலவேம்பு, ஆடாதோடை, நீர்முள்ளி, மழைத்துளி பட்டதும் படபடவென்று வெடிக்கும் பட்டாசுக் காய்ச் செடி. இவை எல்லாம் ஒரே குடும்பம் என்று சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஒன்று தலையில் வைப்பது, ஒன்று கஷாயம் வைப்பது, ஒன்று குளத்தோரம் முள்ளோடு நிற்பது. பூவின் நிறத்தையோ வடிவத்தையோ வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே தெரியாது. தாவரவியலில் இந்தக் குடும்பத்துக்கு அகாந்தேசி என்று பெயர். உலகம் முழுக்க ஏறத்தாழ 4000 இனங்கள், பெரும்பாலும் வெப்பமண்டலத்தில்.

மடிப்பாக்கத்தில் எங்கள் மொட்டைமாடியில் இந்தக் குடும்பத்தை மட்டும் தேடித் தேடிச் சேர்த்து வளர்த்து வருகிறேன். ரோஜாவும் சாமந்தியும் வளர்ப்பதற்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் ஊர் வேலியோரத்திலும் காலிமனையிலும் கேட்பாரில்லாமல் நிற்கிற இந்தச் செடிகளுக்கு அப்படி யாரும் இல்லை. அதனால் நான் செய்து பார்த்ததை வரிசை பார்க்காமல் எழுதுகிறேன்.

முதலில் அடையாளம். இதில் நான் பூவை நம்புவதில்லை. இலையில் ஆரம்பிப்பேன். இலைகள் ஜோடி ஜோடியாக, எதிரெதிரே இருக்க வேண்டும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்காக இருக்கும். கணு கொஞ்சம் புடைத்திருக்கும். இலையைக் கிள்ளினால் பால் வரக்கூடாது. வந்தால் அது அரளி, நந்தியாவட்டை வகையறா. இட்லிப் பூவுக்கும் எதிரிலைதான், ஆனால் அதில் இரண்டு இலைக்காம்புக்கும் நடுவே தண்டை ஒட்டிக் கூரான ஒரு சின்னச் செதில் இருக்கும். கனகாம்பரக் குடும்பத்தில் அந்தச் செதில் கிடையாது. உண்ணிச்செடியா என்று சந்தேகம் வந்தால் காயைப் பாருங்கள், அதில் சதைப்பற்றான பழம் இருக்கும். துளசி வகை என்றால் கசக்கினாலே வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவும் தேறிய பிறகுதான் முக்கியமான பரிசோதனை. செடியில் காய்ந்து பழுப்பேறிய காய் ஒன்றைப் பறித்து, நகத்தை நுனியில் கொடுத்து மெல்லப் பிளக்க வேண்டும். காய் இரண்டு ஓடாகப் பிரியும். ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும், தூண்டில் முள் மாதிரி வளைந்த கொக்கிகள் நிற்கும். ஒரு விதைக்கு ஒரு கொக்கி. தட்டையான விதை அந்த வளைவுக்குள் உட்கார்ந்திருக்கும். பாடப் புத்தகத்தில் இதை ஜாக்குலேட்டர் என்பார்கள். காய் வெடிக்கும்போது விதை எந்தத் திசையில் பறக்க வேண்டும் என்பதை இந்தக் கொக்கிதான் தீர்மானிக்கிறது. டிசம்பர் பூவிலும் கனகாம்பரத்திலும் ஒரு காய்க்கு அதிகபட்சம் நான்கு கொக்கி. நிலவேம்பின் ஒல்லியான காயில் அதைவிட அதிகம். பட்டாசுக் காயில் இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்கியிருக்கும். இந்தக் கொக்கியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அப்புறம் மறக்காது. பூ இல்லாத கோடையில், பேர் தெரியாத ஒரு செடியின் காய்ந்த காயை வைத்தே அது எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடலாம்.

நகை பார்க்கும் லென்ஸ் ஒன்று கையில் இருந்தால் இன்னொன்றும் பார்க்கலாம். நிலவேம்பு இலையின் மேல்புறத்தில் பென்சில் கீறல் அளவுக்குச் சின்னச் சின்ன வெள்ளைக் கோடுகள் தெரியும். கொஞ்சம் காய்ந்த இலையில் இன்னும் தெளிவாக இருக்கும். உள்ளே கால்சியம் கார்பனேட் படிந்த செல்கள் அவை. டிசம்பர் பூ இலையிலும் உண்டு, பட்டாசுக் காய் இலையிலும் உண்டு. தலைப்பில் இருக்கிற கனகாம்பரத்திலோ எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. அதன் பூவும் தனி ரகம். மெல்லிய குழாயின் நுனியில் இதழ் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து விரிகிறது, மேல் உதடு என்பதே இல்லை. இந்த இரண்டு குணமும் உள்ள அதன் நெருங்கிய உறவு பிச்சாவரம் சதுப்பில் இருக்கிறது. கழுதைமுள்ளி என்று அங்கே சொல்கிற, நீலப் பூப் பூக்கும் முட்செடிதான் அது. பூச்சரத்தில் தொடுக்கிற கனகாம்பரத்துக்கும் உப்புத்தண்ணீரில் நிற்கும் கழுதைமுள்ளிக்கும் ஒரே அமைப்பில் பூ என்பதை முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

விதிவிலக்கும் உண்டு. பங்களா கேட்டுகளின் மேல் படர்ந்து நீலப் பூவாகத் தொங்குகிற துன்பர்ஜியா கொடியில் கொக்கி இருக்காது. அதன் காய் அடியில் உருண்டையாக, நுனியில் பறவை அலகு போல் நீண்டிருக்கும். பூவின் அடியைப் பெரிய இரண்டு பச்சை மடல்கள் பொத்திப் பிடித்திருப்பதை வைத்து அதைக் கண்டுகொள்ளலாம். அடையாறு முகத்துவாரத்தில் நிற்கும் வெண்கண்டல் மரத்தையும் இப்போது இந்தக் குடும்பத்தில்தான் வைக்கிறார்கள். அதிலும் கொக்கி கிடையாது. அதன் விதை காய்க்குள் இருக்கும்போதே முளைக்க ஆரம்பித்துவிடுவதால், வெடித்துப் பறக்க வேண்டிய தேவையும் இல்லை.

சரி, வளர்ப்புக்கு வருவோம்.

கனகாம்பரத்தில் இரண்டு வழி. நாட்டுக் கனகாம்பரம் விதையில் வரும். கடைகளில் பெரிய இதழோடு வருகிற டெல்லி கனகாம்பரம் விதையில் வராது. நர்சரியில் வேலை செய்யும் தம்பியிடம் விதை கேட்டபோது உடனே சொன்னார்: “அக்கா, டெல்லிக்கு விதையே புடிக்காதுக்கா. குச்சி வெட்டித் தரேன், வச்சுக்கோங்க.” அவர் சொன்னதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. அந்த ரகம் மும்மடியம், அதாவது ஒவ்வொரு செல்லிலும் மூன்று தொகுதிக் குரோமோசோம்கள். இரண்டாகச் சமமாகப் பிரிய முடியாததால் நல்ல விதை உருவாவதில்லை. எனவே ஊர் ஊராகப் பூக்கிற டெல்லி கனகாம்பரம் எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வெட்டி நட்ட குச்சிகள்தான்.

குச்சி நடுவதற்குச் சென்னையில் ஆடி, ஆவணிதான் நல்ல காலம். வெயில் தணிந்து, சாயங்காலத்தில் அவ்வப்போது இடிமழை வந்து போகும். பூக்காத இளந்தண்டின் நுனியிலிருந்து நாலு விரல்கடை நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். அடி இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு ஜோடி மட்டும் விடலாம். பூக்கதிர் இருந்தால் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் குச்சியின் சக்தி எல்லாம் அதற்கே போய்விடும். நடுவதற்கு ஆற்று மணல் கிடைப்பது இப்போது சிரமம். நான் எம்-சாண்டை வாளியில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பாதிக்குப் பாதி கோகோபீட் என்கிற தேங்காய் நார்த்தூள் கலந்து வைத்துக்கொள்கிறேன். அலசாத எம்-சாண்டில் இருக்கும் மாவுத்தூள் சிமென்ட் போல் இறுகி வேரை விடாது. குச்சி நட்டதும் அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் போதும், பாட்டிலின் மூடியை மட்டும் திறந்து வைக்க வேண்டும். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்துப் பார்த்தால் எதிர்ப்புத் தெரியும், அப்போதுதான் தொட்டிக்கு மாற்றுவேன்.

நாட்டு ரகத்தில் விதை எடுப்பதுதான் இந்த வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பூ முடிந்த கதிர் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் வெட்டி, அகலமான எவர்சில்வர் டப்பாவில் போடுவேன். மேலே நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து உடனே மூடியைப் போட்டுவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் உள்ளே டிக், டிக் என்று மூடியில் விதை மோதும் சத்தம் ஆரம்பிக்கும். மூடாமல் விட்டால் மாடி முழுக்கத் தேட வேண்டியதுதான். காய் காயும்போது அதன் ஓடு வெளிப்புறம் வளையப் பார்க்கும், ஆனால் இரண்டு ஓடும் சேர்கிற மூட்டு அதை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் பட்டதும் அந்த மூட்டு இளகுகிறது, அடக்கி வைத்திருந்த விசை ஒரே நொடியில் விடுபடுகிறது. பட்டாசுக் காயின் நெருங்கிய உறவான ரூவெல்லியா சிலியாட்டிஃப்ளோரா என்ற செடியை அதிவேகக் கேமராவில் படமெடுத்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். அதன் விதை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் வேகத்தில் கிளம்பி, நொடிக்கு 1600 தடவைக்கு மேல் சுழன்றபடி, 7 மீட்டர் தூரம் வரை போகிறது. அந்தச் சுழற்சி இருப்பதால்தான் தட்டையான விதை காற்றில் தடுமாறாமல் போகிறது.

தண்ணீர் பட்டால் வெடிப்பது வீண் வேடிக்கை இல்லை. மழை வருகிறது, முளைக்கலாம் என்ற செய்தி அது. அதனால் நானும் அதைப் பின்பற்றுகிறேன். கனகாம்பர விதையை நாள்கணக்கில் பத்திரப்படுத்தாமல், எடுத்த உடனே விதைக்கிறேன். பழைய விதை சரியாக முளைப்பதில்லை. மேலே மெல்லிசாக மண் தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். நிலவேம்பு இதற்கு நேர்மாறு. அதன் காய் வெயிலில் காய்ந்தாலே வெடித்துவிடும். அதனால் காய்கள் பழுப்பாகத் தொடங்கியதும் கொத்தோடு வெட்டிக் காகிதப் பையில் போட்டு வைக்க வேண்டும்.

இனி தண்ணீர். எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் பக்கெட்டில் வெள்ளையாகப் படியும், அவ்வளவு உப்பு. கனகாம்பரத்தில் அது முதலில் தெரிவது கொழுந்து இலையில்தான். நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, நடுவில் எல்லாம் வெளிறி மஞ்சளாகும். பழைய இலை நன்றாகவே இருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மை கூடியதால் வேர் அதை எடுக்க முடிவதில்லை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள், உரக்கடையில் பெர்ரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், அதோடு பாதி எலுமிச்சம்பழச் சாறு சேர்த்து வெயில் இறங்கியதும் இலையில் தெளிக்க வேண்டும். புதுக் கொழுந்து பச்சையாக வரும்வரை வாரம் ஒருமுறை. ஆனால் இது தற்காலிக வைத்தியம்தான். மாடியில் விழுகிற மழைத்தண்ணீரை டிரம்மில் பிடித்து கனகாம்பரத்துக்கென்று ஒதுக்கியதும்தான் செடி தெளிந்தது. மெட்ரோ வாட்டர் வருகிற வீடுகளில் இந்தப் பிரச்சினையே இருக்காது. ஆடாதோடையும் டிசம்பர் பூவும் அதே போர் தண்ணீரில் முகம் சுளிக்காமல் வளர்கின்றன.

கனகாம்பரத்துக்கு இன்னொரு எதிரி, மண்ணில் இருந்து வேரைத் தாக்கும் நூற்புழு. நல்ல செடி மதிய வெயிலில் வாடும், சாயங்காலம் நிமிரும், பிறகு ஒருநாள் நிமிராது. என் வரிசையில் அப்படிப் போன ஒரு செடியைப் பிடுங்கி வேரை அலசிப் பார்த்தேன். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தது. அவரை வேரில் வரும் முடிச்சு விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இது உதிராது, வேரே வீங்கியிருப்பது. அந்த நிலைக்கு வந்த செடியைக் காப்பாற்ற மெனக்கெடுவதில் பயனில்லை. வேரோடு எடுத்து அப்புறப்படுத்திவிட வேண்டும், உரக்குழியில் போடவே கூடாது. அந்த மண்ணை ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற பாலிதீன் உறைக்குள் கட்டி, அக்னி நட்சத்திர வெயிலில் மாடித் தரையில் பரப்பி வைத்தேன். அதன் பிறகு வேப்பம் புண்ணாக்கைத் தூளாக்கிக் கலந்து, முதல் பருவத்துக்குச் செண்டுமல்லி மட்டும் நட்டேன். செண்டுமல்லியின் வேரில் சுரக்கும் பொருள் நூற்புழுவை ஒடுக்கும். இந்த மண்ணில் தக்காளி, கத்தரி போடக்கூடாது. அவையும் அதே புழுவுக்கு விருந்துதான். இப்போது எந்தக் கனகாம்பரத் தொட்டிக்கும் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, அதோடு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு என்பது நிரந்தரக் கலவை. வேறு செலவான உரம் எதுவும் தேவைப்படவில்லை.

மற்றவை இவ்வளவு சோதிப்பதில்லை. ஆடாதோடைக் குச்சியைப் பென்சில் தடிமனில் வெட்டிச் சாய்த்து நட்டால் தழைத்துவிடும். பூ வெள்ளை, கீழ் உதட்டில் ஊதா கலந்த சிவப்புக் கோடுகள். பார்க்க வேண்டிய பூ, ஆனால் மருந்துக்கு இலை பறிப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. நாகமல்லி கொஞ்சம் நிழல் இருந்தாலும் பூக்கும். நிலவேம்பு ஓராண்டுச் செடி. வேப்பிலையைவிடக் கசப்பு, ஆனால் அதன் பூவை லென்ஸில் பார்த்தால் வெள்ளை உதட்டில் ஊதாத் தீற்றல், பக்கத்தில் இரண்டே இரண்டு மகரந்தக் கேசரம். டெங்கு காய்ச்சல் காலங்களில் அரசு கொடுத்த நிலவேம்புக் குடிநீரைச் சென்னையில் அறியாதவர் இல்லை. அதில் ஒன்பது சரக்குகள் சேர்கின்றன, நிலவேம்பு அதில் ஒன்று. குடித்தவர்களில் எத்தனை பேர் செடியைப் பார்த்திருப்பார்கள்? ஒரு தொட்டியாவது வீட்டில் இருக்கட்டும் என்று கேட்பவர்களுக்கெல்லாம் விதை கொடுக்கிறேன்.

நீர்முள்ளிக்கு ஓட்டை இல்லாத பழைய டப் ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன், அடியில் களிமண், மேலே எப்போதும் ஒரு விரல் தண்ணீர். ஒவ்வொரு கணுவிலும் ஆறு நீளமான மஞ்சள் முள், நடுவே ஊதாப் பூ. பள்ளிக்கரணைப் பக்கம் ஏரிக்கரைகளில் தானாக வளர்வதுதான். குழந்தைகள் ஓடுகிற பக்கம் வைக்க வேண்டாம், முள் ஆழமாக இறங்கும். விதையைத் தண்ணீரில் போட்டால் சுற்றிலும் வழவழப்பான கூழ் கட்டிக்கொள்ளும், அப்படியே சேற்றில் ஒட்ட வைத்தால் போதும்.

பட்டாசுக் காய்ச் செடியும், ஐ.டி. வளாகங்களில் வரிசையாக நடுகிற நீண்ட இலை ஊதா ரூவெல்லியாவும் நம் ஊர் இல்லை, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தவை. இவற்றைத் தொட்டியிலேயே வைத்திருங்கள். பட்டாசுக் காய்க்கு மண்ணுக்கடியில் கிழங்கு வேர் உண்டு, மேலே வெட்டினாலும் திரும்ப வரும். பக்கத்துத் தொட்டிகளில் எல்லாம் அதன் நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்த ரூவெல்லியாக்களுக்கு நெருங்கிய உறவுதான் மலைக் குறிஞ்சி. மூணாறில் 2006இலும் 2018இலும் பூத்தது, அடுத்தது 2030இல். குளிர்ந்த உயர்மலைச் செடி என்பதால் சென்னையில் வளர்க்கும் ஆசையை விட்டுவிடலாம். ஆனால் குறிஞ்சி பூத்து முடிந்தபின் காயைப் பிளந்தால் உள்ளே இதே கொக்கிதான் இருக்கும்.

இலையை யாரோ கடித்து வைத்திருக்கிறார்களே என்று மருந்து தெளிக்கக் கிளம்பாதீர்கள். முள் முள்ளாக, கறுப்பாக ஒரு கம்பளிப்புழு டிசம்பர் பூ இலையிலும் ரூவெல்லியா இலையிலும் மேயும். வசீகரன் வகைப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு அது. மயில் வசீகரனுக்கு நீர்முள்ளி பிடிக்கும். இந்தப் பட்டாம்பூச்சிகள் முட்டையிட இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தேடி வருகின்றன. ஒரு செடியை அவற்றுக்கென்றே விட்டுவிடலாம், சில வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும். மாவுப்பூச்சி மட்டும் வேறு விஷயம். பஞ்சு பஞ்சாகக் கணுவில் தெரிந்ததுமே தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, பிறகு வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலில் கலந்து தெளிக்கிறேன்.

கடைசியாக டிசம்பர் பூ. வெள்ளை, ஊதா, ரோஸ், வெள்ளையில் ஊதா வரி போட்டது என நான்கு நிறமும் என்னிடம் இருக்கின்றன, எல்லாம் தெருவில் கேட்டு வாங்கிய குச்சிகள். பூ சரியாக வர வேண்டுமென்றால் கத்திரியை எப்போது எடுப்பது என்பது முக்கியம். தை மாதம் பூ ஓய்ந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்ய வேண்டும். ஆனி, ஆடியில் நுனி கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக் கிளை பெருகும். ஆவணி முடிந்தபின் கை வைக்கக்கூடாது, ஏனென்றால் பூ வருவது அந்தப் புது நுனிகளில்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியில் தண்ணீர் தேங்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். எனக்கு இன்னும் மஞ்சள் பூப் பூக்கும் காட்டுக் கனகாம்பரம் கிடைக்கவில்லை. அதுவும் டிசம்பர் பூவின் நெருங்கிய உறவுதான், கணுவில் முள் இருக்கும். உங்கள் பக்கத்துக் காலிமனையில் இருந்தால், கட்டடம் எழும்புவதற்கு முன்னால் காய்ந்த காய் நான்கு எடுத்து வையுங்கள்.